முதல் தண்ணி

குழாயின் வாயருகே காதை வைத்துக் குந்தியிருக்கிறார். தண்ணீர் இன்னும் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு வரவேண்டியது, ஆறும் ஆகலாம். வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும். முதலில் லேசாக ஒரு சீறல், பிறகு யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அதன் பிறகு துப்பல். சீறல் கேட்டவுடனே அவர் கையிலிருக்கும் கண்ணாடிக் குப்பி தானாக மேலே வந்துவிடும். அந்த முதல் துப்பல் தரையில் விழக்கூடாது, குப்பிக்குள் விழவேண்டும். அதற்காகத்தான் அரைமணி நேரமாக முட்டி வலிக்கக் காத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் இவருக்கு 'முதல் தண்ணி' என்று பெயர். நகரக் குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர்ப் பரிசோதகர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். குள்ளமான, ஒடிசலான மனிதர். கால்சட்டையில் இரண்டு முட்டியும் எப்போதும் ஈரமாக இருக்கும். எங்கள் தெரு முறைப்படி அவருக்கு வியாழக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் அலுவலகம் போகிற வழியில் தன் சொந்தக் கணக்கில் வருகிறார். முதலில் எங்கள் வாசல் குழாய், அடுத்தது பக்கத்தில் இருக்கும் தையல்காரர் வீடு. அதோடு தெரு முடிகிறது.

குப்பியில் பிடித்த தண்ணீரில் மருந்து நான்கு சொட்டு விட்டு, மூடி போட்டு, ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்துவார். பிறகு வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். மஞ்சளானால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. நிறம் மாறாமல் நின்றால், வழியில் ஏதோ அழுக்கு அதைத் தின்றுவிட்டிருக்கிறது. "ஊர்ல எல்லாருக்கும் கண்ணுல மஞ்சள் தெரிஞ்சா பயம். எனக்குக் குப்பியில மஞ்சள் தெரியலைன்னா பயம்" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார். கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு போட்ட சிறிய பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்து ஒன்றரை நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவேண்டும். மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் பாட்டில் கறுத்துவிடும். அலுவலகத்தில் அதற்கென்று இருந்த பெட்டி பழுதாகி நெடுநாளாகிறது. ஆகவே பாட்டில்கள் அவர் வீட்டுத் துணி அலமாரியில் வளர்கின்றன. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஒருமுறை நான் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து காட்டினார். "மத்த வீட்டு அலமாரியில துணி இருக்கும். எங்க வீட்டுல ஊர்ச் சாக்கடை இருக்கு. அதுக்குக் குளிரும்னு ராத்திரி போர்வை வேற போத்தி விடுவாரு மனுஷன்." இவர் போர்வையை விலக்கி, வரிசையாக ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்துவிட்டு, மறுபடி மூடினார்.

உலகம் அவருக்கு வழிகளால் ஆனது. கடைக்காரர் எச்சில் தொட்டுப் பை பிரித்தால் அவர் அந்தப் பையை வாங்கமாட்டார். வங்கியில் கயிறு கட்டிய பேனாவைத் தொடமாட்டார், யாராவது அதன் முனையைக் கடித்திருப்பார்கள். பேருந்தில் எவராவது இருமினால் அந்தக் காற்று எந்தச் சன்னல் வழியாகப் போகிறது என்று பார்த்து இடம் மாறுவார். கதவுகளை முழங்கையால் திறப்பார். சின்ன வாளித் தண்ணீரில் இருபது தேநீர்க் குவளைகளை முக்கி எடுக்கிற கடையில் நின்று, "இருபது பேரும் ஒருத்தருக்கொருத்தர் முத்தம் குடுத்துக்கிட்டாப்ல ஆச்சு" என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டார். தேநீர்க் கடைக்காரர் அதன் பிறகு ஒரு வாரம் இவருக்குத் தேநீர் தரவில்லை. "ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு வாசப்படி இருக்கு தம்பி. இது மூக்கு வழியா வரும், அது கொசு வழியா வரும், இன்னொண்ணு கை வழியா வாய்க்கு வரும். வாசப்படி தெரிஞ்சா கதவைச் சாத்தலாம். தெரியாதவன் சூடு, பித்தம், காத்து, கண்ணுன்னு பேரு வெச்சிட்டு உக்காந்திருப்பான்" என்பார் என்னிடம்.

பேசும்போது எதிராளியின் கண்ணையே பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் நேர்மையான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது கண்ணின் வெள்ளையை. அங்கே மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று.

இன்னொரு பழக்கம் தெருவில் பலருக்கு உறுத்தலாக இருந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். வியர்த்து வழிந்தாலும் பையிலிருக்கிற தன் பாட்டிலைத்தான் எடுப்பார். வேறு தெருக்களில் வாங்கிக் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் இரண்டு வருடத்துக்கு முந்தியது. அந்தக் காலத்தில் அவர் முதல் தண்ணீரைப் பிடிக்கமாட்டார். குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் மாதிரி எடுக்கவேண்டும் என்று அவர்கள் கையேட்டில் இருக்கிறது. குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் தூசு சோதனையைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி. அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிறகு குப்பியை நீட்டுவார். எங்கள் தெருவில் காமாலை பரவியபோது பதினோரு நாள் தொடர்ந்து வந்து சோதித்தார். பதினோரு நாளும் குப்பி மஞ்சளானது. பதினோரு நாளும் 'திருப்தி' என்று எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், பாதியில் நின்றாலும் நின்றுவிடும். ஆகையால் எல்லா வீட்டிலும் குடிப்பதற்கு உண்டான குடத்தைத்தான் முதலில் வைப்பார்கள். குளிக்க, துவைக்க எல்லாம் பிறகு வருவது. பொறுப்பான வீடுகளில் இதில் கொஞ்சமும் தவறு நடக்காது. அந்தப் பதினோரு நாளில் ஒருநாள் அவர் தண்ணீரை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி குடத்தோடு நின்று அலுத்துக்கொண்டாள். "சார், நீங்க சோதிக்கிறேன்னு கீழ விடுற தண்ணிதான் சார் நாங்க குடிக்கிற குடம்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பதினேழு பேருக்குக் காமாலை வந்தது. பதினாறு பேர் தேறினார்கள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தண்ணீரில் பரவும் இந்தக் காமாலை மற்றவர்களை மூன்று வாரம் படுக்கப்போட்டு எழுப்பிவிடும், கர்ப்பிணிகளிடம் அப்படி நடந்துகொள்ளாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அவள் போன மறு வாரம் அவர் ஒரு வாளி, ஒரு ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய், ஒரு புட்டி நீல மை ஆகியவற்றோடு தேநீர்க் கடை வாசலுக்கு வந்தார். காலை நேரம், தெருவே கூடிவிட்டது. ரப்பர் குழாயில் ஊசியால் ஒரு துளை போட்டார். வாளித் தண்ணீரில் மையைக் கரைத்து, துளை இருக்கும் பகுதியை அதற்குள் அமிழ்த்தினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடும்வரை துளை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசிந்தது, அவ்வளவுதான். ஓட்டத்தை நிறுத்தினார். உள்ளே இருந்த தண்ணீர் வடியத் தொடங்கியதும் மை அந்தத் துளை வழியாக உள்ளே ஏறியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. பிறகு மறுபடி தண்ணீரைத் திறந்து மூன்று குவளைகளில் பிடித்தார். முதல் குவளை நீலம். இரண்டாவது வெளிர் நீலம். மூன்றாவது தெளிந்த தண்ணீர்.

"காலிக் குழாய் சும்மா இருக்காது. பக்கத்துல என்ன இருக்கோ அதை உறிஞ்சும். உங்க குழாய் பக்கத்துல கக்கூஸ் தண்ணி ஓடுது" என்றார். முதல் குவளையைத் தூக்கினார். "நீங்க எல்லாரும் பிடிச்சது இது." மூன்றாவதைத் தூக்கினார். "நான் சோதிச்சது இது." இரண்டையும் கீழே வைத்துவிட்டு, வாளியைக் காலி செய்யாமலே எடுத்துக்கொண்டு போனார். நீலத் தண்ணீர் அவர் கால்சட்டையில் தெறித்துக்கொண்டே போயிற்று. அலுவலகம் குழாயின் ஓட்டையை அடைத்தது, விதிப்படி அவர் செய்ததில் தவறே இல்லை என்று எழுதியும் கொடுத்தது. அந்தக் காகிதத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்துதான் இந்தக் குந்தல். வழக்கம் போல் கிண்டலும் சேர்ந்தே வந்தது. 'முதல் தண்ணி வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடு' என்று பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள் சொல்வார்கள். ஆறு மாதம் எல்லா வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். ஒரு வருடத்தில் பாதி வீடுகள். பிறகு, அவர்தான் தினமும் பார்க்கிறாரே என்று அதுவும் போயிற்று.

இந்த வருடம் அவரை நான்கு நாள் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். தண்ணீர் மாதிரியைச் சரியான முறையில் எடுப்பது எப்படி என்பது பாடம். திரும்பி வந்த அன்று காலை எங்கள் குழாயடியில் குந்தினார். சீறல், செருமல், துப்பல். நான்கு சொட்டு விட்டு, கவிழ்த்து நிமிர்த்தி, தூக்கிப் பிடித்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னும் நான்கு சொட்டு விட்டார். அப்போதும் மாறவில்லை. நேரே தையல்காரர் வீட்டுக்கு ஓடினார். அங்கே குடம் நிறைந்து, தையல்காரர் மகள் அதை இடுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கணவனோடு வந்து அப்பா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அப்போது ஆறாம் மாதம்.

குடத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். அவள் திகைத்துப்போய் அப்பாவைக் கூப்பிட்டாள். தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். எதையும் விளக்காமல், எத்தனை நாளாக இந்தத் தண்ணீர், கொதிக்கவைத்தீர்களா என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொதிக்கவைக்கவில்லை. தெருமுனையில் கம்பிவடம் புதைக்கிறவர்கள் குழி தோண்டிவிட்டுப் போய் நான்கு நாளாகியிருந்தது.

மேற்பார்வைப் பொறியாளர் ஆள் அனுப்பி விதிப்படி மாதிரி எடுக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் ஓடவிட்டு எடுத்த தண்ணீர் அழகாக மஞ்சளானது. எதற்குத் தெருவைத் தோண்ட வேண்டும் என்று கேட்டுவிட்டார். இவர் அன்று காலை பிடித்த இரண்டு பாட்டில்களை வீட்டு அலமாரியில் போர்வைக்குள் வைத்து ஒன்றரை நாள் காத்திருந்தார். பிறகு இரண்டையும் கொண்டுபோய்ப் பொறியாளரின் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று தெளிவு, மற்றது தார் மாதிரி கறுப்பு. "ரெண்டும் ஒரே குழாய் சார், ஒரே காலை. ரெண்டு நிமிஷந்தான் வித்தியாசம். எதை சார் ஜனங்க குடிக்கிறாங்க?" பொறியாளர் முதலில் தன் குவளையைத் தள்ளி வைத்தாராம். மதியமே தோண்டினார்கள். கழிவுநீர் ஓடும் கால்வாய்க்கு அடியில் குழாயில் கடப்பாரைக் குத்து ஒன்று, விரல் நுழையும் அளவுக்கு.

குழாயைச் சரிசெய்தாயிற்று. குடித்த தண்ணீரை என்ன செய்வது? இந்தக் காமாலை உடம்புக்குள் போன பிறகு இரண்டு வாரத்திலும் காட்டும், இரண்டு மாதம் கழித்தும் காட்டும். "அறுபது நாள்" என்றார் முதல் தண்ணி. தையல்காரரின் மேசையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, கடைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். மறுநாள் காலை இன்னொன்று. தினமும் குப்பியைப் பார்த்து முடித்ததும் அந்தப் பெண்ணை வாசல் வெளிச்சத்துக்கு வரச்சொல்வார். வானத்தைப் பார்க்கச் சொல்லி, கீழ் இமையைத் தன் கையால் தொடாமல் அவளையே இழுத்துக் காட்டச் சொல்வார். பார்த்துவிட்டுக் கோடு போடுவார். தையல்காரர் அந்தக் கோடுகள் கண்ணில் படாமல் தையல் இயந்திரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "துணி அளக்குற சாக்பீஸ்ல என் பொண்ணு நாளை அளக்குறீங்களே சார்" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். ஆனால் அழிக்கவில்லை.

பெண் துடுக்குக்காரி. "இந்த மாமா என் கண்ணைப் பாத்த அளவுக்கு என் வீட்டுக்காரரே பாத்ததில்ல" என்பாள். தண்ணீர் நீட்டுவாள், அவர் தலையை ஆட்டி மறுப்பார். அதற்கும் விடமாட்டாள். "சோதிச்சு சோதிச்சு நல்ல தண்ணின்னு எங்களைக் குடிக்கச் சொல்றீங்க. நீங்க மட்டும் குடிக்க மாட்டேங்கிறீங்க. நாங்க எதை நம்பி மாமா குடிக்கிறது?" அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முப்பத்து மூன்றாம் கோட்டன்று தேநீர்க் கடைக்காரரின் கண் மஞ்சளானது. அதைக் கண்டுபிடித்ததும் இவர்தான், சில்லறை வாங்கும்போது. "உடம்புச் சூடு சார், ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்றார் கடைக்காரர். யாரும் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டவைத்து, அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று பேர். ஆக, அந்த நான்கு நாள் தண்ணீரில் அது இருந்திருக்கிறது. அதே தண்ணீர் தையல்காரர் வீட்டுக் குடத்திலும் நான்கு நாள் இருந்தது. அதன் பிறகு அந்தப் பெண்ணும் கண்ணைப் பற்றிக் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டாள். கேட்பதற்கு முன்னால் தானே வாசலுக்கு வந்து நின்றாள்.

நாற்பத்தொன்றாம் நாள் அவள் காலையில் எதுவும் சாப்பிடாமல் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தையல்காரர் வேட்டி மாற்றக்கூட இல்லாமல் வண்டி பிடித்தார். முதல் தண்ணி முன்னால் ஏறிக்கொண்டார். என்னை ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை, நானும் போனேன். அந்த மருத்துவமனையின் பெஞ்சுகள் எனக்குத் தெரிந்தவை. இரத்தம் எடுத்துக்கொண்டு மாலைவரை காத்திருக்கச் சொன்னார்கள். அவர் உட்காரவே இல்லை. நடைபாதைக் கடைசியில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார், வருவார், சற்று நிற்பார், மறுபடி போவார். தோல் வெளுத்துச் சுருங்கிவிட்டது. ஒருமுறை ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே என் எதிரில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை முதல்லயே பிடிச்சிட்டேன்ல தம்பி?"

பிடித்துவிட்டீர்கள் என்றேன்.

"நாலு நாள்தான். நான் இல்லாத நாலு நாள்."

ஆமாம் என்றேன். மறுபடி கழுவப் போனார்.

விளக்கு போட்ட பிறகு செவிலி வந்தார். கல்லீரல் நன்றாக இருக்கிறது, வயிற்றில் குழந்தை வளர்கிறது, இது நெஞ்செரிச்சலால் வந்த வாந்தி என்றார். தையல்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவர் செவிலியிடம் அந்தக் காகிதத்தை வாங்கி, எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது என்று எல்லோருக்கும் நினைவுபடுத்தினார். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

தேநீர்க் கடைக்காரர் தேறிக் கடையைத் திறந்தார். வாளி போய், குவளை கழுவ ஒரு குழாய் வந்திருந்தது. அலமாரியில் எங்கள் தெருவின் பாட்டில்கள் எல்லாம் வாரக்கணக்காகத் தெளிவாகவே இருந்தன. அவர் மட்டும் தெளியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கோடுகள் கோணலாக விழுந்தன.

போன வாரம் அறுபதாம் நாள். எங்கள் குழாயில் முதல் தண்ணீரைப் பிடித்தார், மஞ்சள். நானும் கூடப் போனேன். தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். எட்டாம் மாத வயிற்றோடு அந்தப் பெண் படியிறங்கி வந்து, அண்ணாந்து பார்த்து இமையை இழுத்தாள். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். இடது கண், வலது கண், மறுபடி இடது. கழுவிய பீங்கான் மாதிரி இருந்தது வெள்ளை. கடைக்குள் போய்க் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, சாக்பீஸை அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பியபோது அவள் ஒரு தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொதிக்க வெச்சதில்ல மாமா. இப்பப் பிடிச்ச முதல் தண்ணி."

அவர் தம்ளரை வாங்கினார். கொஞ்சத்தைக் குப்பியில் ஊற்றி நான்கு சொட்டு விட்டு, கவிழ்த்து நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சள். குப்பியைக் கழுவிப் பைக்குள் வைத்தார். தம்ளரில் முக்கால் பாகம் மீதி இருந்தது. அதை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். இந்த முறை என் கண்ணின் வெள்ளையைப் பார்க்கவில்லை.

நான் தலையை அசைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் மூச்சு விடாமல் குடித்து முடித்தார். பிறகு மருந்து குடித்த குழந்தை அம்மாவுக்குக் காட்டுவது போல, தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து அவளிடம் காட்டினார்.